அத்தான் மீது விசாரணை

விசாரணை நடத்த இடம் கிடைக்கவில்லை. அலுவலக அறையில் மேசை போக, ஒருவர் பக்கவாட்டில் நடக்கத்தான் இடம். கூடத்தில் இயந்திர இரைச்சல். கடைசியில் துணி அடுக்கும் அறையில் நடுவே இடம் ஒழித்தார்கள். மூன்று பக்கமும் கூரை வரை ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள், வெள்ளை வெளேரென்று. நான்காவது பக்கம் கதவு. ரகசியம் காக்கவேண்டும் என்று ஆலோசகர் அதையும் சாத்தச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் கொதிகலன். உட்கார்ந்ததுமே அவளுக்கு வேர்த்தது.

சலவை நிலையத்தின் முதலாளி அவள். எதிர் நாற்காலியில் குற்றம் சாட்டப்பட்ட தொழிலாளியாக உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அக்கா கணவர். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. போட்டோ எடுத்துக்கொள்ள வந்தவரைப் போல இருந்தார்.

"வாலு, ஃபேனைக் கொஞ்சம் போடேன்" என்றார்.

ஆலோசகர் பேனாவை நிறுத்தினார். "இங்க வாலு கீலுன்னு கூப்பிடக் கூடாது. மேடம்னு சொல்லுங்க."

"ஃபேனைப் போடுங்க மேடம்."

"இந்த ரூம்ல ஃபேன் இல்ல அத்தான்."

"நீங்களும் அத்தான்னு சொல்லக் கூடாது மேடம்."

"பின்ன எப்படிக் கூப்பிடறது?"

"கூப்பிடாதீங்க."

நடந்தது இதுதான். ஈர விரிப்புகளை உலர்த்தித் தேய்க்கும் பெரிய உருளைக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. கை அதில் பட்டால் உருளை நின்றுவிடும். விரலைக் காப்பாற்றத்தான் அந்தக் கம்பி. ஆனால் அதற்கு விரலுக்கும் துணிக்கும் வித்தியாசம் தெரியாது. விரிப்பு சுருண்டாலும் நிறுத்தும், மடிப்பு தடித்தாலும் நிறுத்தும். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவசர வேலை வந்தது. "எப்படியாவது முடிச்சுக் குடுங்க அத்தான், எப்படின்னு என்கிட்ட கேக்காதீங்க" என்றாள். அத்தான் கேட்கவில்லை. பழைய விரிப்பின் கரையை நீளமாகக் கிழித்து, கம்பியைத் தூக்கிக் கட்டினார். உருளை நிற்காமல் ஓடியது. வேலை முடிந்தது. கட்டை யாரும் அவிழ்க்கவில்லை.

பிறகு ஒருநாள் முடிச்சு தளர்ந்து கம்பி தொங்கியது. அந்தப் பக்கமாகப் போன அவளே அதை இழுத்துக் கட்டினாள். ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பேசியபடியே கட்டிவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த வாரம் மின்னலின் கை உள்ளே போயிற்று. உருளைக்கு விரிப்பு கொடுக்கிற பெண். கை வேகத்துக்காகக் கூடத்தில் எல்லாரும் வைத்த பெயர் மின்னல். வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரி நிர்வாகம் தன்மையாகத்தான் பேசியது. கம்பியைக் கட்டியவர் யாரோ அவர் மீது சட்டப்படி விசாரணை நடத்தி வேலையை விட்டு நீக்கவேண்டும். இல்லாவிட்டால் துணியை வேறு இடத்துக்கு அனுப்பிக்கொள்வோம். நிலையத்துக்கு வரும் துணியில் முக்காலும் அவர்களுடையது. அது நின்றால் நிலையம் நின்றது.

அப்போதுதான் ஆலோசகர் வந்து சேர்ந்தார். தொழிலாளர் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரிவு எண் சொல்லாமல் தேநீர்கூடக் குடிக்க மாட்டார். கூடத்தில் அவருக்கு 'செக்‌ஷன் சார்' என்று பெயர். வந்த அன்றே அவளைக் கேட்டார்.

"கம்பி கட்டியிருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொன்னார். "தெரியாது. தெரிஞ்சிருந்தா கேஸ் உங்க மேல. நீங்க உள்ள போகணும், ஷெட்டுக்கு சீல் வைப்பாங்க. அதனால தெரியாது. சரிதானே?"

அவள் தலையாட்டினாள். ஆட்டிய தலையை எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் அன்றிலிருந்து ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

குற்றச்சாட்டை நேரில் கொடுத்துவிடுகிறேன் என்றாள். கூடாது, பதிவுத் தபால் என்றார். அக்கா வீடு அடுத்த தெரு. தபால் ஊரெல்லாம் சுற்றிவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தது. அக்காதான் வாங்கினாள். வாங்கியவள் தங்கையிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றும் அதில் இருந்தது. அத்தான் ஃபோன் செய்து ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏன் வாலு, தொடக்கத்துல 'அன்புள்ள'ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா?"

இப்போது அவர் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல ஒரு விஷயம்" என்றார் ஆலோசகர். "குற்றம் சாட்டினது மேடம். சாட்சியும் மேடம். கடைசில தண்டனை குடுக்கறதும் மேடம். மூணும் ஒரே ஆளா இருக்கக் கூடாது. ஆனா சின்ன நிறுவனம், வேற ஆள் கிடையாது. அப்படின்னு எழுதிக்கறேன். உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

"சமைக்கறவங்களே பரிமாறி அவங்களே சாப்பிடறாங்க. நமக்கு என்ன ஆட்சேபணை?"

"இதை எழுதணுமா?"

"உங்க இஷ்டம் சார்."

மின்னலைக் கூப்பிட்டார்கள். கட்டுப் போட்ட கையை மறு கையால் தாங்கிக்கொண்டு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றாள்.

"விரிப்பு சுருண்டுச்சு. நீவி விட்டேன். கை போயிடுச்சு."

"கம்பி எப்படி இருந்தது?"

"தூக்கிக் கட்டியிருந்தது."

"கட்டினது யாரு?"

மின்னல் அத்தானைப் பார்த்தாள். பிறகு முதலாளியம்மாவைப் பார்த்தாள். "முதல்ல கட்டினது அண்ணன்தான்."

"போதும்மா. நீங்க போகலாம்."

முதலாளியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முதலில் என்றால் அடுத்து யார் என்று இவர் கேட்கவே போவதில்லை. மின்னல் போனதும் கதவு மறுபடி சாத்தப்பட்டது.

அத்தான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஆமாம், நான்தான். ஆமாம், யாரையும் கேட்கவில்லை. முதலாளிக்குத் தெரியுமா என்று கேட்டபோது, கேள்வி முடிவதற்குள் "தெரியாது" என்றார்.

"சரி. இப்ப நீங்க மேடத்தைக் குறுக்கு விசாரணை பண்ணலாம். அது உங்க உரிமை. என்ன வேணும்னாலும் கேக்கலாம்."

இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். இதற்காகத்தான் பயந்துகொண்டும் இருந்தாள். தானாகச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஆனால் அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லவும் வராது. அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அத்தான் அவளைப் பார்த்தார்.

"காலைல சாப்பிட்டீங்களா மேடம்?"

"இது சம்பந்தமில்லாத கேள்வி" என்றார் ஆலோசகர்.

"அப்ப வேற கேள்வி இல்ல சார்."

ஆலோசகர் தாளைத் திருப்பினார். கொதிகலன் பெருமூச்சு விட்டது. அவள் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"எனக்குத் தெரியும். எப்படியாவது முடிங்கன்னு நான்தான் சொன்னேன். அவர் கட்டினது தினம் கண்ல பட்டுது. ஒரு நாள் அவிழ்ந்து தொங்குச்சு. நானே திரும்பக் கட்டினேன். மின்னல் கை போனது நான் போட்ட முடிச்சால."

பேனா ஓடவில்லை.

"பொய்" என்றார் அத்தான். நிதானமாகச் சொன்னார். "சார், இவ சின்ன வயசுல இருந்தே எனக்காகப் பொய் சொல்றவ. கல்யாணமான புதுசுல நான் வீட்டுக்குத் தெரியாம சினிமாவுக்குப் போவேன். அக்கா கேட்டா, 'அத்தான் லைப்ரரியில இருக்காரு'ன்னு இவதான் சொல்லுவா. எந்த லைப்ரரி, என்ன புஸ்தகம்னுகூடச் சொல்லுவா. இன்னிக்கும் அதேதான்."

"அத்தான், சும்மா இருங்க."

"பார்த்தீங்களா சார்? நெஞ்சு பொறுக்கல அவளுக்கு. அவ்வளவுதான் விஷயம்."

ஆலோசகர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "இப்படி எத்தனையோ பார்த்திருக்கேன் மேடம். சொந்தக்காரங்க கடைசி நேரத்துல கரைஞ்சிடுவாங்க." பிறகு, எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். நிர்வாகத் தரப்புச் சாட்சி குற்றம் சாட்டப்பட்டவரின் நெருங்கிய உறவினர் என்பதால், அவரைக் காப்பாற்றும் நோக்கத்தோடு கூறியது ஏற்கத்தக்கதல்ல.

"சொந்தம்னு தெரிஞ்சுதானே என்னைச் சாட்சியா போட்டீங்க?"

"அவருக்கு எதிரா சொன்னா சொந்தம் ஒரு தடையில்ல மேடம். சாதகமா சொன்னாத்தான் தடை."

விசாரணை முடிந்தது. அத்தான் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது அவள் தலையில் குட்ட வந்தவர், ஆலோசகர் பார்ப்பதைக் கண்டு அந்தக் கையாலேயே தன் தலையைச் சொறிந்துகொண்டார்.

அவள் கூடத்துக்குப் போனாள். மின்னல் மூலையில் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். இலகுவான வேலை கொடுத்திருந்தார்கள். உறையின் ஒரு முனையை மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் மடித்தாள். மூன்றில் ஒன்று கோணிக்கொண்டது. அவிழ்த்து மறுபடி மடித்தாள்.

"நான் கம்பியைக் கட்டினதை நீ பார்த்தியா?"

மின்னல் மோவாயை எடுக்கவில்லை. "பார்த்தேன். ஃபோன்ல சிரிச்சுகிட்டே கட்டினீங்க."

"அப்ப வா. உள்ள வந்து அதைச் சொல்லு. செக்‌ஷன் சார் இன்னும் போகல."

"மாட்டேன்."

"ஏன்?"

"நீங்கதான் கட்டினீங்கன்னு ஆயிட்டா ஷெட்டை மூடிடுவாங்க. இந்தக் கையை வச்சுகிட்டு நான் எவன் வாசல்ல போய் வேலைக்கு நிப்பேன்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். உருளை ஓடிக்கொண்டிருந்தது. அதில் இப்போது வேறொரு பெண் நின்றாள். கட்டு அவிழ்த்த கம்பிக்குத் தள்ளியே கையை வைத்திருந்தாள்.

"உள்ள ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னு சண்டை போட்டீங்களாமே" என்றாள் மின்னல்.

"யாரு சொன்னா?"

"கதவைச் சாத்தினா கேக்காதுன்னு யாரு சொன்னா? எல்லாருக்கும் கேட்டுது. அத்தான் மச்சினின்னு ஒரே உருக்கம். கை என்னோடது முதலாளியம்மா. நான்தான்னு ஒருத்தர்கூட என்கிட்ட வந்து சொல்லல."

அவள் அந்த உறைக் குவியலுக்கு எதிரே கீழே உட்கார்ந்தாள்.

"நான்தான்" என்றாள்.

"ம்" என்றாள் மின்னல்.

இன்னொரு உறையை எடுத்தாள். எதிரே உட்கார்ந்தவள் மறு முனையைப் பிடிக்கக் கை நீட்டினாள். மின்னல் கொடுக்கவில்லை. மோவாயில் இடுக்கிக்கொண்டு தானே மடித்தாள். மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"கோர்ட்டுல கூண்டுல ஏத்திக் கேட்டா மறைக்க மாட்டேன். அங்க எனக்குப் பொய் வராது. ஆனா அந்த ரூமுக்கு வந்து சொல்ல மாட்டேன்."

விசாரணை முடிவு அறிக்கை பதிவுத் தபாலில் போயிற்று. அக்கா வாங்கினாள். அதற்கு அத்தானின் பதில் பதிவுத் தபாலில் வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், ஆக வேண்டியதைச் செய்யவும். அன்புள்ள என்று தொடங்கியிருந்தார்.

வேலை நீக்க உத்தரவைக் கொடுக்க அத்தானை வரச்சொன்ன அன்று, ஆலோசகர் அதைத் தட்டச்சு செய்தே எடுத்து வந்தார். அலுவலக அறையில் மூன்று பேரும் மேசையை ஒட்டி நின்றார்கள். ஒருவர் நகர்ந்தால் மற்ற இருவரும் நகரவேண்டியிருந்தது.

"நான் கையெழுத்துப் போடலைன்னா?"

"ஆஸ்பத்திரி போயிடும்."

"சம்பளத்தைக் குறைக்கறது, எச்சரிக்கை, அந்த மாதிரி ஏதாவது?"

"ஆஸ்பத்திரி போயிடும் மேடம்."

போட்டாள். போட்டது தன் கையெழுத்துப் போலவே இல்லை. அத்தான் இன்னொரு பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, அழகாகக் கீழே கோடு போட்டார்.

"இதை எதிர்த்து நீங்க மேல்முறையீடு பண்ணலாம்" என்றார் ஆலோசகர், சொல்லவேண்டியதைச் சொல்லும் குரலில்.

"யார்கிட்ட?"

"முதலாளிகிட்ட."

அத்தானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வாலு, கேட்டியா? உன்னை எதிர்த்து உன்கிட்டயே வரணுமாம்."

அவள் சிரிக்கவில்லை. "அதுக்கு அப்புறம் சார்?"

"அதுக்கு அப்புறம் தொழிலாளர் கோர்ட். சின்ன இடத்துல வேலை பாக்கறவங்க யாரும் அவ்வளவு தூரம் போறதில்ல. வருஷக்கணக்கா இழுக்கும்."

"அங்க ஜெயிச்சா?"

"திரும்ப வேலைக்கு வைன்னு கோர்ட் சொன்னா வச்சுத்தான் ஆகணும்."

"ஆஸ்பத்திரிக்காரங்க?"

"அவங்க என்ன சொல்ல முடியும்? சொந்தம்னு வச்சுக்கறது வேற, கோர்ட் சொல்லி வச்சுக்கறது வேற."

"அங்க நான் சொன்னா நம்புவாங்களா?"

"அங்க நீங்க எதிர்த்தரப்பு மேடம். எதிர்த்தரப்பே தனக்குப் பாதகமா ஒண்ணை ஒத்துக்கிட்டா அதை..." ஆலோசகர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், நான் உங்க ஆலோசகர். இதையெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க."

அத்தான் அதற்குள் வெளியே போய்விட்டார். அவள் பின்னாலேயே ஓடினாள். வாசலுக்கு வெளியே அக்கா ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. தங்கையைப் பார்த்ததும் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அத்தான், என் மேல கேஸ் போடுங்க."

"வெயில்ல நிக்காதே. உள்ள போ."

"விளையாட்டுக்குச் சொல்லல. கேஸ் போடுங்க. நான் கூண்டுல ஏறிச் சொல்றேன். மின்னலும் சொல்லுவா. அங்க நம்புவாங்க. உங்களைத் திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க."

"உன்னை உள்ள தூக்கிப் போடுவாங்க."

"போடட்டும்."

"ஷெட்டு?"

"வருஷக்கணக்கா ஆகும்னு சார் சொல்றாரு இல்ல? அதுக்குள்ள லாட்ஜு, ஹாஸ்டல்னு வேற துணி பிடிக்கறேன். ஆஸ்பத்திரி போனாலும் நிக்கற மாதிரி பண்ணிடறேன். மின்னலுக்கும் சேர்த்துத்தான். இப்ப இந்த நிமிஷம் என்னால ஒண்ணும் பண்ண முடியல அத்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்குது. இது ஒண்ணுதான் இருக்கு."

அத்தான் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினார். "எனக்கு எங்கயாவது ஒரு வேலை கிடைக்கும்."

"வேலைய விட்டு நீக்கினவருக்கா? கை போக வச்சவர்னு எழுதிக் குடுத்திருக்கேன் உங்களுக்கு. அதை வச்சுகிட்டு எங்க போவீங்க?"

அவர் ஸ்கூட்டர் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். "முடியாது வாலு. உன் மேல கேஸ் போட என் கை எழும்பாது. விட்டுடு."

அவர் திரும்பி ஸ்கூட்டரை நோக்கி நடந்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். இனி போய்ச் சொல்ல ஒரு ஆள் மிச்சமில்லை.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடி முகத்தில் ஒட்டியிருந்தது.

"அவருக்குக் கை எழும்பாது. நான் எழுப்பி வைக்கறேன்."

"அக்கா..."

"வாயை மூடுடி. நீ கட்டினியா இல்லையா?"

"கட்டினேன்."

"தபால்காரன் கையால எனக்கு அதை அனுப்பறப்போ தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கேஸ் போடறோம். போட்ட நாள்ல இருந்து நீ எனக்குத் தங்கச்சி இல்ல. கோர்ட் வாசல்ல பார்த்தாலும் பேச மாட்டேன். பெரிய வக்கீலாப் பாப்பேன். உன்னைக் கிழிகிழின்னு கிழிக்கச் சொல்லுவேன்."

"சொல்லு. செக்‌ஷன் சாரை மட்டும் எடுத்துடாதே. அவர் என் பக்கம்."

அக்காவின் உதடு ஒரு கணம் கோணியது. சிரிப்பை மென்று விழுங்கிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "ஏறுங்க" என்றாள் புருஷனிடம்.

"இதெல்லாம் வீட்ல போய் நிதானமா..."

"ஏறுங்கங்கறேன்."

அத்தான் ஏறிக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தார். அக்கா ஏதோ சொல்லியிருக்கவேண்டும், சட்டென்று முன்னால் பார்த்துக்கொண்டார்.

அவள் தெருமுனை வரை அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் வீட்டுக்கு இடப்பக்கம் திரும்பவேண்டும். வக்கீல்கள் பலகை மாட்டியிருக்கும் தெரு வலப்பக்கம். அக்கா விளக்கைப் போட்டு, கையையும் நீட்டிக் காட்டி, வலப்பக்கம் திரும்பினாள்.